18 வயது முடிந்த மறுநாள்: வாசகர் கேள்வி – பதில்

பெற்றோரால் வளர்க்க இயலாத பிள்ளையை மற்றொரு குடும்பம், அரசின் ஒப்புதலோடு, தன் வீட்டில் வைத்து வளர்ப்பதை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறோம். தத்தெடுப்பைப் போல இது சட்டத்தில் நிரந்தர உறவாகப் பதிவாவதில்லை. ஆகவே பெரும்பாலான நாடுகளில், பிள்ளைக்கு 18 வயது நிறைவடையும்போது அந்த ஏற்பாடும் முடிவுக்கு வருகிறது. குழந்தைகள் இல்லங்களில் வளர்வோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அந்த நாளையும் அதன் பிறகு வரும் ஆண்டுகளையும் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளையாக வந்த பெண்ணுக்கு இன்னும் நான்கு மாதங்களில் 18 வயது நிறைவடைகிறது. இதுநாள் வரை எங்களோடு ஒட்டுதலாக இருந்தவள், சில வாரங்களாக எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறாள். எங்களோடு சேர்ந்து சாப்பிட உட்காருவதில்லை. "எப்படியும் போகப்போகிறவள்தானே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தனியாக நிற்கப் பழகட்டும், ஒதுங்கினால் விட்டுவிடு என்கிறார் என் கணவர். எனக்கு மனம் கேட்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவள் சொல்லும் அந்த ஒரு வரிக்குள், "நான் போன பிறகு நீங்கள் எனக்கு யார்?" என்ற கேள்வி இருக்கிறது. அதை நேராகக் கேட்க அவளுக்குத் துணிவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம். சிறு வயதில் தன் விருப்பம் கேட்கப்படாமலேயே ஒரு வீட்டை விட்டுப் பிரிக்கப்பட்ட பிள்ளை, இரண்டாவது பிரிவு நெருங்கும்போது அதைத் தானே நடத்தி முடித்துவிடப் பார்ப்பது வழக்கம். பிறர் விடுவதற்கு முன் தானே விலகிவிட்டால் வலி குறைவாக இருக்கும் என்று அந்த மனம் கணக்குப் போடுகிறது. இதை நன்றிகெட்ட தனம் என்று எடுத்துக்கொண்டு நீங்களும் விலகிவிட்டால், அவளுடைய கணக்கு சரி என்று நீங்களே உறுதிசெய்தவர்களாவீர்கள்.

ஆகவே அவள் கேட்காத கேள்விக்கு நீங்களாகவே பதில் சொல்லிவிடுங்கள். "நீ எப்போதும் எங்கள் மகள்தான்" என்று பொதுவாகச் சொல்வதை அவள் நம்புவது கடினம். இதைப் போன்ற சொற்களை அவள் முன்பும் கேட்டிருக்கக்கூடும். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய செய்திகளாகச் சொல்லுங்கள். வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டும். உன் அறை இன்ன மாதம் வரை உனக்காகவே இருக்கும்; அதன் பிறகும் இந்த வீட்டில் நீ படுக்க ஓர் இடம் உண்டு. உடம்புக்கு முடியவில்லையென்றால் இங்கே வந்துவிடு. மருத்துவமனைப் படிவத்தில், அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டிருக்கும் இடத்தில் என் பெயரையும் எண்ணையும் எழுது. இவற்றை ஒரு தாளில் எழுதி, நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் தவறில்லை. செய்ய முடியாத எதையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். அவளுக்காக வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுவிடும் என்றால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பணம் நின்றதும் அன்பும் நின்றுவிட்டது என்ற ஐயம் இந்தப் பிள்ளைகளுக்கு மிக எளிதாக வருகிறது. வெளிப்படையாகப் பேசும் வீடுகளில் அதற்கு இடம் குறைவு.

உங்கள் கணவர் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். பழக வேண்டும் என்பது சரி. கைவிட்டால்தான் பழகுவாள் என்பதை ஏற்க முடியாது. திட்டமிடவும் உந்துதலை அடக்கவும் உதவுகிற மூளையின் முன்பகுதி 20களின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று நரம்பியல் சொல்கிறது. நாம் பெற்ற பிள்ளைகள் அந்த வயதில் வேலையை விடுவார்கள், கடன் வாங்குவார்கள், தவறான இடத்தில் குடியேறி இரண்டே மாதத்தில் மூட்டையோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். அதை நாம் வளர்ச்சியின் ஒரு பகுதியாகத்தான் பார்க்கிறோம். உங்கள் வீட்டில் இருக்கும்போதே தவறு செய்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அவளுக்குக் கொடுங்கள். ஒரு மாத வீட்டுச் செலவுப் பணத்தை அவள் கையில் ஒப்படைத்து, 20ஆம் தேதியே தீர்ந்துபோனால், திட்டாமல் அவளோடு உட்கார்ந்து எங்கே போயிற்று என்று எழுதிப் பாருங்கள். மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்கும் தொலைபேசி அழைப்பை அவளே செய்யட்டும். வாடகை ஒப்பந்தம் ஒன்றைச் சேர்ந்து படியுங்கள்.

சட்டத்தையும் விசாரித்துவிடுங்கள், ஏனெனில் 18 என்ற எல்லை பல நாடுகளில் இளகிவருகிறது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளையும் வளர்ப்புக் குடும்பமும் விரும்பினால் 21 வயது வரை அதே வீட்டில் தொடர்ந்து வாழ உள்ளாட்சி நிர்வாகம் துணைசெய்ய வேண்டும். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், பராமரிப்பை 21 வயது வரை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு நிதியுதவி அளிக்க வழிசெய்தது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுவோருக்கு 21 வயது வரை பின் பராமரிப்பு, அதாவது வெளியேறிய பிறகும் தொடரும் நிதியுதவியும் பிற துணையும், என்ற ஏற்பாட்டைக் குறிப்பிடுகிறது. அதன் மாதிரி விதிகள் தனிச் சூழ்நிலைகளில் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு அதை நீட்டிக்க இடம் தருகின்றன. அந்தச் சட்டத்தின் 46ஆம் பிரிவு நிதியுதவி "வழங்கப்படலாம்" என்றுதான் சொல்கிறது, "வழங்கப்பட வேண்டும்" என்று சொல்லவில்லை. எந்த நாட்டுச் சட்டமாக இருந்தாலும், "லாம்" என்று முடியும் உதவியைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு பெரியவர் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகளுக்கு அந்தப் பெரியவர் நீங்கள்தான். அவளுடைய பிறந்தநாளுக்கு முன்பே, இந்த மாதத்திலேயே, அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுப்பு அலுவலரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. அடுத்த ஆண்டு இல்லத்திலிருந்து வெளியேற வேண்டும். சான்றிதழ்களைப் பற்றிக் கேட்டால், போகும்போது தருகிறோம் என்கிறார்கள். எதையெல்லாம் நான் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: அன்புத் தம்பி, ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், நல்ல வேளை. போகும் நாளில் ஓர் உறையைக் கையில் வாங்கி, அதைத் திறந்து பார்ப்பதற்குள் வண்டி ஏறிவிட்டவர்கள் பிறகு பட்ட அலைச்சலை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரே ஓர் எழுத்து மாறிய பெயரைத் திருத்துவதற்கே பல மாதங்கள் ஆகின்றன.

பிறப்புச் சான்றிதழ், அரசு அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள் ஆகிய மூன்றையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இவை எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஒரேமாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். பலரும் மறந்துவிடுவது, நீங்கள் பராமரிப்பில் வளர்ந்தவர் என்பதற்கான ஆணையின் நகல். பின் பராமரிப்பு உதவி, கட்டணச் சலுகை, விடுதி இடம் என்று எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பராமரிப்பில் இருந்தீர்கள் என்பது அதிலேயே இருக்க வேண்டும்; இல்லையென்றால் தனிக் கடிதமாகக் கேளுங்கள்.

அடுத்தது மருத்துவக் குறிப்பு. போட்ட தடுப்பூசிகள், செய்த அறுவை சிகிச்சை, ஒவ்வாத மருந்து, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இதய நோயோ நீரிழிவோ உண்டா என்று பிற்காலத்தில் மருத்துவர் கேட்கும்போது, ஒன்றும் தெரியாது என்று சொல்ல நேர்வது இல்லத்தில் வளர்ந்த பலருக்கும் மனத்தைக் குத்தும் நேரமாக இருக்கிறது. உங்கள் கோப்பில் அது பற்றிய செய்தி ஏதேனும் இருந்தால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தாலும், கூட்டாக இயக்குபவராக வேறொருவர் இருக்கலாம். 18 வயது நிறைவடைந்ததும் அந்தக் கணக்கு முழுமையாக உங்கள் கைக்கு மாற என்ன செய்ய வேண்டும் என்று வங்கியில் கேளுங்கள். உங்கள் பெயரில் யாரும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இது மிகையான எச்சரிக்கை என்று நினைக்க வேண்டாம். பராமரிப்பில் வளரும் பிள்ளைகளின் ஆவணங்கள் பலர் கைக்குப் போய்வருவதால், அவற்றை வைத்து மற்றவர்கள் கடன் வாங்குவது நடந்திருக்கிறது. அமெரிக்காவில், 14 வயது நிறைந்த ஒவ்வொரு வளர்ப்புப் பிள்ளைக்கும் ஆண்டுதோறும் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும், 18 வயதில் வெளியேறுபவரிடம் பிறப்புச் சான்றிதழ் முதல் மருத்துவக் குறிப்பு வரை ஒப்படைக்காமல் அனுப்பக் கூடாது என்றும் 2014இல் சட்டமே வந்தது.

கடைசியாக, எந்த அலுவலகமும் கேட்காத, ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய இரண்டு உண்டு. ஒன்று, உங்கள் சிறு வயதுப் புகைப்படங்கள். மற்றொன்று, வேறு இல்லத்திலோ வேறு குடும்பத்திலோ வளரும் உங்கள் உடன்பிறந்தவர்கள் இருக்கும் இடம். இவை கோப்போடு சேர்ந்து அலமாரிக்குள் போய்விட்டால் மீட்பது அரிது. எல்லா ஆவணங்களுக்கும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தங்குமிடம் அடிக்கடி மாறும் ஆண்டுகளில் காகிதங்கள்தான் முதலில் தொலைகின்றன. இல்லப் பொறுப்பாளரிடம் இந்தப் பட்டியலை எழுத்தில் கொடுத்து, தேதியிட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வந்த 19 வயது இளைஞர் ஒருவர் என்னிடம் வேலை செய்கிறார். கைத்திறன் மிக்கவர். ஆனால் ஒரு தவறைச் சுட்டிக்காட்டினால் பதறிப் பேசிவிடுகிறார். இரண்டு முறை சொல்லாமல் விடுப்பு எடுத்துவிட்டார். அவரை இழக்க எனக்கு விருப்பமில்லை. எப்படி நடத்துவது?

பதில்: அவரை இழக்க விருப்பமில்லை என்பதை முதலில் அவரிடமே சொல்லிவிடுங்கள். ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டுக்கொண்டே வளர்ந்தவருக்கு, "இது சரியில்லை" என்ற சொல் "கிளம்பு" என்பதன் முன்னறிவிப்பாகவே கேட்கும். வேலையில் உள்ள தவறைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். அதே மூச்சில், நாளை வந்து செய்ய வேண்டிய வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள். நாளை உண்டு என்று தெரிந்தால் பதற்றம் தானாகவே தணியும்.

சொல்லாமல் விடுப்பு எடுத்த நாட்களில் என்ன நடந்தது என்று ஒருமுறை, குற்றம் சாட்டும் குரலின்றிக் கேளுங்கள். அலுவலகத்தில் ஆவணத்துக்காகக் காத்திருந்திருக்கலாம். தங்குமிடத்திலிருந்து வெளியேறச் சொல்லியிருக்கலாம். மற்ற இளைஞர்களுக்கு வீட்டில் ஒருவர் செய்துகொடுக்கும் வேலைகளையெல்லாம் இவர் வேலைநேரத்தில் தானே செய்ய வேண்டியிருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் நேரத்தை மாற்றித் தருவேன், சொல்லாமல் போனால் ஏற்க மாட்டேன் என்ற விதியைத் தெளிவாக வையுங்கள். எல்லோருக்கும் உள்ள விதியை இவருக்கு மட்டும் தளர்த்தினால் அதையும் ஓர் இரக்கமாகவே அவர் உணர்வார். இரக்கம் அவருக்குப் போதுமான அளவு கிடைத்திருக்கும்.

பணத்தைப் பற்றி ஒன்று. சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது. வாடகையையும் முன்பணத்தையும் மாதத் தொடக்கத்திலேயே கேட்கிறார்கள். இடைப்பட்ட நாட்களைச் சமாளிக்க மற்றவர்களுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். முதல் சில மாதங்களுக்குச் சம்பளத்தை வாரக் கணக்கில் பிரித்துத் தர முடிந்தால் அது பெரிய உதவி. அவர் எங்கே வளர்ந்தார் என்பதை உடன் வேலை செய்பவர்களிடம் நீங்கள் சொல்லக் கூடாது. அதை யாரிடம், எப்போது சொல்வது என்பது அவருடைய உரிமை.

கேள்வி: எனக்கு 20 வயது. வளர்ப்புக் குடும்பத்திலிருந்து வெளியேறி இரண்டு ஆண்டுகளாகின்றன. பல ஆண்டுகள் தொடர்பே இல்லாதிருந்த என்னைப் பெற்ற தாய், இப்போது என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறார். போகாதே என்று தோழிகள் தடுக்கிறார்கள். போக வேண்டும் என்றும் தோன்றுகிறது, பயமாகவும் இருக்கிறது.

பதில்: அன்புத் தங்கை, இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றுவதில் குழப்பம் ஏதும் இல்லை. பராமரிப்பில் வளர்ந்த பலரும் பெரியவர்களானதும் பெற்ற குடும்பத்தைத் தேடிப் போகிறார்கள். அதைத் தவறு என்றோ, வளர்த்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றோ யாரும் சொல்ல உரிமையில்லை. உங்களைப் பெற்றவரின் முகத்தைப் பார்க்கவும், அன்று என்ன நடந்தது என்று அவர் வாயால் கேட்கவும் உங்களுக்கு விருப்பம் இருப்பது இயல்பு.

போங்கள்; ஆனால் குடியேறப் போகாதீர்கள், பார்த்துவரப் போங்கள். முதலில் சில மணி நேரம், பிறகு ஒரு நாள். ஒவ்வொரு முறையும் எப்போது கிளம்புவது என்பதை முன்பே தீர்மானித்துக்கொண்டு, நீங்கள் நம்பும் ஒருவரிடம் அதைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இப்போதுள்ள அறையையும் வேலையையும் படிப்பையும் குறைந்தது ஓராண்டுக்காவது விட வேண்டாம். வங்கி அட்டையும் ஆவணங்களும் உங்களிடமே இருக்கட்டும். சிறு வயதில் உங்களைப் பிரித்து வைக்கும்படியான ஆபத்து அந்த வீட்டில் இருந்திருந்தால், அது இப்போது இல்லை என்று சொல்லால் அறிய முடியாது. பல மாதங்கள் பார்த்துத்தான் அறிய முடியும். உங்கள் கோப்பைப் படிக்க விரும்பினால், தனியாக உட்கார்ந்து படிக்காமல், அறிந்த சமூகப் பணியாளர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை வளர்த்த குடும்பத்திடமும் இதை மறைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: குழந்தைகள் இல்லம் ஒன்றில் பணியாற்றுகிறேன். 18 வயதானதும், எந்த உதவியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன இளைஞர் ஒருவர், 20 வயதில் வேலையும் தங்க இடமும் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுப் போனவரை மறுபடியும் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களுக்குத் தவறான முன்மாதிரியாகிவிடும் என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: அந்தக் கையெழுத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்து ஆண்டுகள் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, வெளியே செல்லவும் அனுமதி கேட்டு வளர்ந்த ஒருவர், 18 வயதில் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்வது விடுதலைக்கான விருப்பம். அதன் விலை என்ன என்பது அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இல்லத்திலிருந்து வெளியேறிய ஒருவர் முன்பு என்னிடம், தனி அறையில் முதல் சில இரவுகள் தூக்கமே வரவில்லை, சுற்றிலும் யாரும் மூச்சுவிடும் ஓசை கேட்கவில்லை என்றார். தான் ஏங்கிய தனிமையே தன்னை இப்படி அச்சுறுத்தும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுபடி நுழைய வழி வைப்பது உலகில் புதிதல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில், 18 வயதில் பராமரிப்பை விட்டுப் போனவர் 21 வயதுக்குள் திரும்பிச் சேரலாம். இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பிலிருந்து வெளியேறியவர் படித்துக்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், 25 வயது வரை தனக்கென ஓர் ஆலோசகரைக் கேட்டுப் பெறலாம் என்றாக்கியது. ஸ்காட்லாந்தில் பின் பராமரிப்பு 26ஆவது பிறந்தநாள் வரை நீள்கிறது. குழந்தைகளின் மாற்றுப் பராமரிப்புக்காக ஐ.நா. பொதுச்சபை 2009இல் வரவேற்ற வழிகாட்டு நெறிகள், வெளியேறும் ஒவ்வொருவருக்கும் இயன்றவரை தனிப்பட்ட முறையில் ஒருவரைத் துணையாக ஒதுக்க வேண்டும் என்றும், பின் பராமரிப்புக்கான ஆயத்தத்தைப் பிள்ளை வெளியேறுவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்க வேண்டும் என்றும் கூறுகின்றன. உங்கள் இல்லத்தில் அப்படி ஒருவர் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தாரா, இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை அழைத்துப் பேசினார் என்று உடன் பணிபுரிபவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று அவர்கள் சொல்வதை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். இப்போது உங்கள் இல்லத்தில் இருக்கும் 16, 17 வயதுப் பிள்ளைகள், திரும்பி வந்த இந்த அண்ணன் எப்படி நடத்தப்படுகிறார் என்று கவனித்துக்கொண்டிருப்பார்கள். அவர் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டால், நாளை தங்களுக்கு ஒரு சிக்கல் வரும்போது அவர்கள் உங்களைத் தேடி வர மாட்டார்கள். வேறு யாரிடமோ போவார்கள்.

உங்கள் இல்லத்தின் விதி அவரைப் பிள்ளைகளோடு தங்கவைக்க அனுமதிக்காமல் இருக்கலாம். பெரியவரான ஒருவரைச் சிறுவர்களோடு தங்கவைக்கத் தயங்குவது நியாயமான எச்சரிக்கையே. அப்படியென்றால் அருகில் பாதுகாப்பான வேறு இடத்தை நீங்களே பேசி ஏற்பாடு செய்து, அவரோடு அங்கே சென்று விட்டுவிட்டு வாருங்கள். முகவரியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். பின் பராமரிப்புக்கான விண்ணப்பம், வேலை, பயிற்சி ஆகியவற்றைப் பற்றி நாளை மறுநாள் பேசலாம். இன்று இரவு அவர் எங்கே தூங்குவார் என்பதும், நாளை காலை அவரை அழைத்து நலம் விசாரிக்கப் போவது உங்களில் யார் என்பதும் முதலில் முடிவாகட்டும்.